டிராகனுக்கு என்ன கொள்கை?

"அப்ப டிராகனுக்கு என்ன கொள்கை?" என்று பொன்வேல் கேட்டதும் சுடர்க்கொடியின் இடது கை தானாகப் போய் டிராகனின் தாளை மூடிக்கொண்டது. கேட்டவன் ஒன்றும் பெரிதாகக் கேட்டுவிட்டதாக நினைக்கவில்லை, பேனா மூடியால் காதைக் குடைந்தபடி, ஸ்ரீரங்கம் பஸ் எத்தனை மணிக்கு என்பதுபோலக் கேட்டான். ஆளுக்கொரு வேஷத்தில் பகடை உருட்டிக் கதை ஆடும் இந்த மேஜையில் ஒன்றரை வருஷமாக "அடிக்கிறேன்", "ஓடுறேன்" என்ற இரண்டைத் தவிர அவன் வாயிலிருந்து மூன்றாவது வார்த்தை வந்து அவள் கேட்டதில்லை. அவன் போய்க் கேட்கிறான், அதுவும் இதைக் கேட்கிறான். உள்ளங்கைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், இல்லை, இந்த நிமிஷம்தான் தெரிந்தது, நாலு மாசமாகக் கண்ணெதிரே இருந்தும் தெரியவில்லை. இதுவரை ஆட்டத்தை நடத்திவந்த ரெமி அண்ணா போன வருஷம் டைப் அடித்துக் கொடுத்த பழைய கேரக்டர் ஷீட். பெயர், வயது, பலம், ஆயுதம், கடைசியில் குணம் என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் நன்மை, நடுநிலை, தீமை மூன்றில் ஒன்றை எழுத வேண்டும், எழுதினால் ஆட்டம் முடிகிறவரை அந்த ஆள் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். ஆடுகிற நாலு பேருடைய ஷீட்டிலும் அந்தக் கட்டத்துக்கு ஒயிட்னர் பூசி, வாயால் ஊதிக் காயவைத்து, மேலே ‘கொள்கை’ என்று கறுப்பு மையில் எழுதி ஜெராக்ஸ் எடுத்திருந்தாள். டிராகனை விட்டுவிட்டாள். டிராகனின் தாளில் இன்னும் ‘குணம்: தீமை’ என்றே இருந்தது, வேறு யாரும் எழுதியதில்லை, அவளுடைய கையெழுத்துத்தான், ‘மை’யின் வளைவு கூட அழகாக இருந்தது.

மணி பன்னிரண்டு பத்து. அதைப் பார்த்திருக்க வேண்டாம். தில்லைநகரில் ஹுமாயூனின் மாமா நடத்தும் நீட் கோச்சிங் சென்டரின் மாடி அறை இது, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரையிலிருந்து ஒரு மணிவரை மட்டும் இவர்களுக்கு. வெள்ளைப் பலகையில் நேற்றைய பிசிக்ஸ் பாடத்தின் சாய்தளப் படம் ஒன்று அழிக்கப்படாமல் கிடக்க, அதன்மேல் ஒரு கட்டை சறுக்கிக்கொண்டே நின்றது. ஒரு மணிக்கு மாணவர்கள் வந்துவிடுவார்கள். அதற்குக் கால் மணி முன்னால் டம்ளர் வரும். அது இவர்கள் கூட்டத்து வழக்கம். யாராவது புதிதாக ஒரு ஆட்டம் கட்டிக்கொண்டு வந்தால் அதற்கு ஒரே ஒரு ஞாயிறு. முடிகிற நேரத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரை நடுவில் வைப்பார்கள், ஆட்டம் தொடரட்டும் என்கிறவர்கள் தங்கள் பகடையை அதற்குள் போட வேண்டும். நாலில் மூன்று விழுந்தால் அடுத்த வாரமும் அதே ஆட்டம், விழாவிட்டால் ரெமி அண்ணாவின் பழைய குகைகளுக்கே திரும்பிவிடலாம். யாரும் எதுவும் சொல்லி நோகடிக்க வேண்டியதில்லை, பகடை விழுகிற சத்தம் போதும். போன தீபாவளிக்கு ஹுமாயூன் கொண்டுவந்த விண்வெளி ஆட்டத்துக்கு ஒரே ஒரு சத்தம் கேட்டது, அதுவும் கணக்கில் சேராதது, அவனே போட்டது. இன்றைக்கு அவளுடையது. இருபத்திரண்டு வயதில் அவள் நாலு பேர் முன்னால் வைத்து, இது எனக்கு வேண்டும், இதை ஆடலாமா என்று கேட்ட முதல் விஷயம். கடையில் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வருகிறவள் கேட்டிருக்கிறாள்.

பதில் சொல்லு, எல்லோரும் பார்க்கிறார்கள். இல்லை, பார்க்கவில்லை. நிரஞ்சனா அக்கா ஷீட்டின் ஓரத்தில் பூ வரைந்துகொண்டிருந்தாள், ரெமி அண்ணா கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார், ஹுமாயூன் ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்த மீன் பையை முகர்ந்து பார்த்துவிட்டு வந்தான். வரும் வழியில் புத்தூர் மார்க்கெட்டில் வாங்கிய கெண்டை, பன்னிரண்டுக்குள் வீடு சேர வேண்டியது. அவன் போன் மேஜையில் குப்புறக் கிடந்து ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. "அம்மாவா?" என்றாள் நிரஞ்சனா அக்கா. "கெண்டையோட மாமியார்" என்றான். சிரித்தார்கள். சிரித்தால் நல்லதா? சிரிக்கிறார்கள் என்றால் ஆட்டத்தில் மனசு இல்லை என்று அர்த்தமா? காலையில் மாடி ஏறும்போது கீழே டீக்கடையில் தொங்கிய போர்டு, ‘இங்கு அரசியல் பேசக் கூடாது’, அதன் முன்னால் அவள் ஒரு நிமிஷம் நின்றுவிட்டாள், பையில் இருந்த நாலு கொள்கைச் சீட்டுகளையும் யாரோ வெளியே எடுத்துப் படித்துவிட்டதுபோல இருந்தது. வீட்டிலும் அந்த போர்டு இல்லாத குறைதான். பெரியப்பாவும் அப்பாவும் குரலை உயர்த்தினால் அம்மா டிவியை அணைத்துவிட்டு வடைத் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைப்பாள். அரசியல் என்றால் வடையால் அடைக்க வேண்டிய ஓட்டை. அவள் அதைத்தான் மூன்று வருஷம் பி.ஏ.வில் படித்தாள், வாய் திறக்காமல் படித்து முதல் வகுப்பில் தேறினாள்.

குணம் தீமை. எப்படி விட்டோம். ரெமி அண்ணாவின் ஆட்டத்தில் அவளுக்குக் கிடைத்தது வைத்தியச்சி, கட்டத்தில் நன்மை. ஒருதடவை சத்திரக்காரனிடம் பொய் சொல்லி உள்ளே நுழையலாம் என்று அவள் மெதுவாகச் சொன்னபோது, ரெமி அண்ணா தாளைப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல், "அவ அப்படிச் செய்ய மாட்டாம்மா. நல்லவ" என்றார். கோயில் உண்டியலை உடைத்துப் பஞ்சத்தில் கிடந்தவர்களுக்குக் கொடுக்கலாம் என்றபோதும் அதேதான், மாட்டாம்மா. பூதங்களின் குகையில் மூன்று குட்டிகள் ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டு மூலையில் இருந்த அந்த மழைநாள் ஞாயிறு, எல்லோரும் வெட்டினார்கள், அவற்றின் கட்டத்தில் தீமை என்று இருந்தது. "குட்டிங்களையுமா?" என்று அவள் கேட்டாள். கேட்டாளா? உதடு அசைந்தது. யாருக்கும் காதில் விழவில்லை. நல்லவள், அதனால் பொய் சொல்ல மாட்டாள், உண்டியலைத் தொட மாட்டாள், வெட்டுகிறவர்களைத் தடுக்கவும் மாட்டாள். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் நனைந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கட்டத்தை எங்கே பார்த்தோம் என்று ஞாபகம் வந்தது. டி.சி. பத்தாம் வகுப்பு முடித்து வாங்கிய டி.சி.யில் ‘மாணவரின் நடத்தை’ என்று ஒரு கட்டம், அதில் ‘நன்று’. எல்லோருக்கும் நன்று. கூடப் படித்த செல்லக்கிளிக்கு மட்டும் ‘திருப்திகரம்’. மத்தியானத்துக்கு மேல் பெண்களின் கழிப்பறையைப் பூட்டிச் சாவியை ஆபீஸில் வைத்துக்கொள்வார்கள், கேட்டால் ஏன், எதற்கு என்பார்கள், பியூன் அண்ணன் நிற்பார், அதனால் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். ஒன்பதாம் வகுப்புத் தொடக்கத்தில் செல்லக்கிளி ஒரு காகிதத்தில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினாள். அது சுடரிடமும் வந்தது. பேனாவைத் திறந்தாள். நீல மை. பேனாவை மூடிப் பின் பெஞ்சுக்குக் கொடுத்துவிட்டாள். செல்லக்கிளி அதைக் காலைப் பிரார்த்தனையில் மைக்கைப் பிடித்து வாசித்தாள், ஒரு வாரத்தில் பூட்டு போனது, அவள் டி.சி.யில் திருப்திகரம் வந்தது. பூட்டு இல்லாத கழிப்பறைக்கு இரண்டு வருஷம் போய்வந்த சுடருக்கு நன்று. "உனக்கு நன்றாடி? நல்லா இருக்கு" என்று செல்லக்கிளி சிரித்தாள், குத்தலாகவா சும்மாவா என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த ஒரு வார்த்தை இவளைப்பற்றி என்ன சொல்கிறது? ஒன்றும் சொல்லவில்லை. செல்லக்கிளியைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் யாருக்காக எதைக் கேட்டாள், யாரிடம் கேட்டாள் என்று ஒரு கட்டம் இருந்திருந்தால் அல்லவா அவளைப்பற்றி ஏதாவது தெரியும். பஸ் சத்திரம் ஸ்டாண்டுக்கு வந்து எல்லோரும் இறங்கியபிறகும் அவள் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கட்டத்தைத்தான் போடவேண்டும்.

நாலு மாசம் போட்டாள். ஓர் ஏரி, அதன்கீழ் மூன்று ஊர், ஏரியின் மதகை மறித்துப் படுத்துக்கொண்டு ஒரு டிராகன், நினைத்தபோது வால் அசைத்துத் தண்ணீர் விடும். காலையில் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். வேலை பார்க்கும் கம்பெனியில் எல்லோருக்கும் நேரம் குறித்துவைக்கிற ரெமி அண்ணாவின் கொல்லனுக்குப் பொதுவுடைமை விழுந்தது, எல்லாம் ஊருக்குப் பொது, கமிட்டி பங்கிடும். மருந்துக்கடை ஹுமாயூனுக்குச் சந்தை, யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் விற்கலாம், அரசாங்கம் ஓரமாக நிற்கட்டும். கலெக்டர் ஆபீஸில் ஜூனியர் அசிஸ்டென்ட் நிரஞ்சனா அக்காவுக்கு அரசே வேண்டாம் என்கிற சீட்டு. "அடியே, எனக்குப் போய் இதைக் குடுத்திருக்கியே, நாளைக்கு மெமோ வரும்" என்று கத்தினாள். பேங்க் பரீட்சைக்கு மூன்றாம் வருஷமாகப் படிக்கும் பொன்வேலுக்குப் பழமை, ரொம்ப நாளாக இருப்பது ஏதோ காரணத்தோடு இருக்கிறது, சட்டென்று தொடாதே. ரெமி அண்ணா சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சிவிக்ஸ் கிளாஸா? பரீட்சை உண்டா சுடர்?" என்றார். வலித்தது. ஒன்றரை மணி நேரம் அப்படியும் இப்படியும்தான் போயிற்று, சந்தைக்காரன் கோவேறு கழுதை வாங்கினான், பொதுவுடைமைக் கொல்லன் கொட்டாவி விட்டான். எல்லோரும் ஏரிக்கரைக்கு வந்தபிறகு ரெமி அண்ணா, "சரி, டிராகன் இருக்கு. அடிச்சிடலாம்" என்று பகடையை எடுத்தார். அப்போதுதான் பொன்வேல் பேனா மூடியைக் காதிலிருந்து எடுத்தான், இல்லை, எடுக்கவில்லை, குடைந்தபடியேதான் கேட்டான்.

தீமை என்று சொல்லிவிடலாம். சொன்னால் ரெமி அண்ணா பகடையை உருட்டுவார், டிராகன் சாகும், தண்ணீர் பாயும், ஆட்டம் முடியும், ஒரே ஒரு சத்தம் கேட்கும், பாவம் என்று அக்கா போடும் சத்தம். நானும் அதையேதானே செய்திருக்கிறேன். எல்லோருக்கும் கொள்கை கொடுத்துவிட்டு, எனக்குப் பிடிக்காததற்கு மட்டும் பழைய கட்டம். ஏரியை மறித்துப் படுத்திருப்பவனைப் பார்த்ததும் எழுதிவிட்டேன், கேட்கக்கூட இல்லை. எதற்காகப் படுத்திருக்கிறது? ஏன், எதற்கு. எத்தனை வருஷமாக? படுப்பதற்கு முன்னால் அங்கே என்ன நடந்தது? கேள்வி ஒன்றின் பின்னால் ஒன்று வந்தது, பயம் போகவில்லை, பயத்தோடு சேர்ந்து இன்னொன்று, பரீட்சைத் தாளில் தெரிந்த கேள்வியைப் பார்த்ததும் விரல் நுனியில் குறுகுறுக்குமே அது, உடம்பு முழுக்க ஏறியது. கையை எடுத்தாள். பேனாவைத் திறந்து தீமையின்மேல் ஒரு கோடு போட்டாள். காகிதம் லேசாகக் கிழிந்தது. "அது முடியாட்சி" என்றாள். "என்னது?" என்றார் ரெமி அண்ணா. காதில் விழவில்லை. மறுபடியும் காதில் விழவில்லை. சாய்தளத்தில் கட்டை சறுக்கிக்கொண்டே நிற்கிறது. அவள் எழுந்து நின்றாள், ஏன் நின்றாள் என்று தெரியாது, நாற்காலி கிறீச்சிட்டது, அடிவயிற்றிலிருந்து தனக்கே தெரியாத ஒரு கட்டைக் குரல் வந்தது. "யாருடா அது மதகுக்குக் கிட்ட? எழுபது வருஷத்துக்கு முன்னாடி இதே கரையில உங்க தாத்தனுங்க தண்ணிக்காக வெட்டிக்கிட்டாங்க. ஒரே நாள்ல பதினோரு பிணம். அன்னைக்கு வந்து படுத்தவ நான். எனக்கு மேல ஒருத்தன் இல்ல, எனக்குச் சொந்தம் ஒருத்தன் இல்ல, அதனால யாருக்கும் ஓரவஞ்சனை இல்ல. நான் வந்த பிற்பாடு இந்தக் கரையில விழுந்த பிணம் ஒண்ணு சொல்லு பாப்போம்."

மின்விசிறி கிடுகிடுவென்று சுற்றிற்று. போயிற்று, தொலைந்தது, உட்காரு. "டிராகன் பொம்பளையா?" என்று ஹுமாயூன் மெல்லக் கேட்டான். "என் ஆளு பக்கத்துல போய் நின்னுக்கறான்" என்றான் பொன்வேல். "யார் பக்கத்துல?" "டிராகன் பக்கத்துல. எழுபது வருஷமா நடக்குது, பிணம் விழல. நீங்க மூணு பேரும் நேத்து வந்து உடைக்கணும்ங்கறீங்க." ரெமி அண்ணா சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். "நீயுந்தாண்டா நேத்து வந்த. நில்லு, பிணம் விழலையா? கடைசி ஊருக்கு அது எத்தனை நாளைக்கு ஒருதரம் தண்ணி விடுது? ஏய் டிராகன், உன்னைத்தான். வெட்டுப்பட்டு செத்தவனை எண்ணினியே, காய்ஞ்சு செத்தவனை எண்ணினியா?" சுடருக்குப் புல்லரித்தது. அது அவள் எழுதிவைத்திருந்த கேள்வி இல்லை, அதைவிட நல்ல கேள்வி. அவரிடமிருந்து. உண்டியலைத் தொடவிடாத ரெமி அண்ணாவிடமிருந்து. "எண்ணினேன்" என்றது டிராகன், "முப்பத்தாறு. எழுபது வருஷத்துக்கு முப்பத்தாறு. நீ கதவைத் திறந்துவிடு, ஒரே கோடையில அதைத் தாண்டுவே." "அப்படி எல்லாம் ஒரு ஆளு எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கறதாலதான் மத்தவன் எண்ணக் கத்துக்கலை" என்று நிரஞ்சனா அக்கா பூவை விட்டுவிட்டு மேஜையைத் தட்டினாள், "மூணு ஊரும் முறை வெச்சு நாங்களே திறந்துக்குவோம், உன் வாலும் வேணாம், கொல்லனோட கமிட்டியும் வேணாம்." "யக்கா, கமிட்டி இல்லாம முறை எப்படி வைப்பீங்க, நாளைக்கு நீங்க ஆபீஸுக்கே போகாதீங்க பாப்போம்" என்றான் பொன்வேல். "நான் போகலைன்னாலும் ஆபீஸ் நடக்குதுடா, அதான் என் கொள்கையே!" ஹுமாயூன் கழுதையை விற்றுக் கடைசி ஊருக்குத் தண்ணீர் வண்டி விட்டான், குடம் இத்தனை காசு என்றான், ரெமி அண்ணா எழுந்து நின்று, தாகத்தில் லாபம் பார்க்கிறாயா என்று நிஜமாகவே முகம் சிவந்தார், "நீ ஓசியில குடுக்கற வரைக்கும் அவன் நாக்கைத் தொங்கப் போட்டுட்டுக் காத்திருக்கணுமா?" என்று ஹுமாயூன் திருப்பிக் கேட்டான். போன் அதிர்ந்தது. எடுத்து, "உம்மா, டிராகனோட பேசிட்டிருக்கேன், அப்புறம்" என்று வைத்துவிட்டான். பயந்தது இதற்குத்தானே, குரல் உயரும், முகம் சிவக்கும், யாராவது டிவியை அணைக்க வேண்டும், வடை கொண்டுவர வேண்டும். உயர்ந்தது. சிவந்தது. யாரும் எழுந்து போகவில்லை. ஒவ்வொருவரும் முழங்கையை ஊன்றி மேஜையின் நடுவுக்கு நகர்ந்துகொண்டே வந்தார்கள், நாலு தலையும் கிட்டத்தட்ட முட்டின, எல்லோருடைய பேச்சும் அவளிடம் வந்து நின்றது, அவள் பதில் சொன்னாள், அடுத்த பதில் எங்கிருந்து வருமென்று தெரியாமலேயே வாயைத் திறந்தாள், அது வந்தது. மீன் வாடை அடித்தது. யாரும் கவனிக்கவில்லை, அவள் கவனித்தாள், அதுகூட நன்றாக இருந்தது.

டம்ளரை மறந்தே போயிருந்தாள். படியில் செருப்புகள் கழலும் சத்தம் கேட்டபோது ரெமி அண்ணா கடிகாரத்தைப் பார்த்து, "ஐயையோ, ஒண்ணாகப்போகுது" என்று பையிலிருந்து டம்ளரை எடுத்து மேஜை நடுவில் ணங்கென்று வைத்தார். அந்தச் சத்தத்தில் டிராகன் செத்துப்போயிற்று. சுடர் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். கட்டைக் குரல் எங்கே போயிற்று. இனி நாலு கைகள். அவள் கைகளை மட்டும் பார்த்தாள், முகம் பார்க்க முடியவில்லை. ஹுமாயூனின் கை மீன் பையைக் கம்பியிலிருந்து கழற்றியது. அக்காவின் கை துப்பட்டாவைச் சரிசெய்தது. பொன்வேலின் கை பகடையை இறுகப் பிடித்தபடி பேன்ட் பைக்குள் போயிற்று. ரெமி அண்ணாவின் கை தாள்களை அடுக்கியது. டம்ளரின் அடியில் மின்விசிறி சுற்றுவது தெரிந்தது, அவ்வளவுதான் அதற்குள் இருந்தது. ஒரு சத்தம்கூட இல்லை. விண்வெளிக்காவது ஒன்று கிடைத்தது. சரி. பரவாயில்லை. கண்ணை இமைக்காதே, பஸ்ஸில் இமைத்துக்கொள்ளலாம். "யாருமே போடலை" என்றாள், அது அவளுடைய பழைய குரல், ஆனாலும் கேட்டுவிட்டது. நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "போட்டா எப்படிம்மா?" என்றார் ரெமி அண்ணா, புரியாமல். "மதகை உடைக்க என் உருட்டு இன்னும் பாக்கி இருக்கே. பகடையை உள்ள போட்டுட்டு எதை உருட்டறது?" "நான் குறுக்க விழப்போறேன், எனக்கும் வேணும்" என்றான் பொன்வேல். "படியில உக்காந்து முடிச்சிரலாம்டி, வா" என்று அக்கா அவள் பையைத் தூக்கிக்கொண்டாள். ஹுமாயூன் காலி டம்ளரை எடுத்துக் கேனிலிருந்து தண்ணீர் பிடித்து அவளிடம் நீட்டினான். "டிராகன் ரொம்ப நேரம் பேசிருச்சு. குடி."

படியேறிவரும் மாணவர்களுக்கு வழிவிட்டு, சுவரோரமாக, ஆளுக்கொரு படியில் உட்கார்ந்தார்கள். கீழே டீக்கடை போர்டின் முதுகு தெரிந்தது. மேல்படியில் நின்று ரெமி அண்ணா உள்ளங்கையில் பகடையைக் குலுக்கினார், குலுக்கிக்கொண்டே இருந்தார், பதினைந்தைத் தாண்டினால் மதகு உடையும். "போடுங்கண்ணா" என்றான் பொன்வேல். போட்டார். இருபது முகப் பகடை படியின் விளிம்பில் பட்டு எகிறி, அடுத்த படி, அதற்கடுத்த படி என்று குதித்துக்கொண்டே இறங்கி, கீழிருந்து வெள்ளைச் சட்டையில் மார்க்கர்களோடு ஏறிவந்த ஜபருல்லா சாரின் ஷூவில் முட்டி நின்றது. ஹுமாயூனின் மாமா. இந்த அறையைக் கொடுத்தவர். ஒன்றரை வருஷமாக அவரைக் கண்டாலே சுடர் படியோரத் தூணுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். "எடுக்காதீங்க மாமா, எடுக்காதீங்க! நம்பரை மட்டும் சொல்லுங்க" என்று ஹுமாயூன் கத்தினான். சார் குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "பதினேழு" என்றார். மேலே ரெமி அண்ணா "ஆ!" என்று கூவ, பொன்வேல் தலையில் கைவைத்துக்கொண்டான், ஹுமாயூன் விரல்விட்டு எதையோ கணக்குப் போட்டான், அக்கா கைதட்டினாள், பாதியில் நிறுத்தி, "இரு, அப்ப கதவு கமிட்டி கைக்குப் போயிருமே" என்றாள். சார் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து கடைசியில் அவளிடம் நிறுத்தினார். "பதினேழுன்னா நல்லதாம்மா, கெட்டதா?" தூண் பக்கத்திலேயே இருந்தது. அவள் அதன் பின்னால் போகவில்லை. டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தாள்.

"யாருக்கு சார்?" என்று கேட்டாள்.